நாலு ஜோடிச் செருப்பு

நான் கோபக்காரன். பாளையங்கோட்டையில் என் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து என்னிடம் அடி வாங்காமல் தப்பித்த பையன் ரொம்பக் குறைவு. ஆனால் இந்தச் சங்கதியில் நான் அடிக்க வேண்டிய ஆள் வெளியில் யாருமில்லை. என் கன்னத்தில் நானேதான் அறைந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எழுத உட்கார்ந்தேன்.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம், ஆனி மாதம். இன்ஸ்பெக்டர் துரை வந்து பையன்களைக் கேள்வி கேட்டுவிட்டு, திருப்தி என்று எழுதிவைத்துப் போனார். அந்தச் சந்தோஷத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளியும் சனியும் லீவு விட்டார்கள். கொக்கிரகுளத்தில் ஒரு தோணி பிடித்து ஆற்றோடு போவது, சீவலப்பேரிக்கு இந்தப் பக்கம் ஏதாவது ஒரு திட்டில் கூடாரம் அடித்து ராத்தங்குவது, மறுநாள் திரும்புவது என்று ஐந்து வாத்தியார்கள் கிளம்பினோம்.

பெரிய வாத்தியார் எங்களில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சுகாதாரப் பாடம் அவருடையது. புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாராமல் ஒப்பிப்பார். அடுத்தவர் டிரில் வாத்தியார். மீசையும் வாயும் பெரிசு. குறுக்குத்துறையில் வெள்ளத்தில் நீந்தின கதையை மாசத்துக்கு ஒரு தரம் சொல்லுவார், ஒவ்வொரு தரமும் ஆறு அகலமாகிக்கொண்டே போகும். டிராயிங் வாத்தியார் வாயில்லாப் பூச்சி, வீட்டில் நாலு பெண் குழந்தைகள். அப்புறம் நான்.

ஐந்தாவது ஆள் ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார். ராதாபுரத்துக்கும் தெற்கே பனங்காட்டு ஊர்க்காரர், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் ஊரில் தண்ணீர் என்றால் ஆழக் கிணற்றில் கயிறு விட்டு இறைப்பது. நீச்சல் தெரியாது. தோணியில் ஏறின நேரத்திலிருந்து இரண்டு கையாலும் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் அகல விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“எங்க ஊர்ல இவ்வளவு தண்ணி இருந்தா காவலுக்கு ஆள் போட்டிருப்பாங்க வே. இங்கன சும்மா போட்டு வச்சிருக்கியளே!” என்றார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். டிரில் வாத்தியார் வேண்டுமென்றே தோணியை ஆட்டினார். “பயப்படாதீரும் வே, நீரு விழுந்தா நான் ஒருத்தனே தூக்கிருவேன்” என்றார். ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாரும் அதை நம்பினார். யார் எது சொன்னாலும் நம்புகிற மனுஷன்.

திட்டு ஆற்றின் நடுவே இருந்தது. நல்ல வெள்ளை மணல், ஒரு ஓரமாகத் தாழம்புதர், மேட்டில் மூன்று நாவல் மரம். அடியில் பழம் கறுப்பாகக் கொட்டிக் கிடந்தது. மற்றவர்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருக்க, ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் துண்டை விரித்துப் பொறுக்க ஆரம்பித்தார். கறிக்கு வைத்திருந்த உப்பில் தொட்டுத் தொட்டுத் தின்றார். சும்மா இல்லை, ஆடு மேய்கிற மாதிரி தின்றார். “நீரும் தின்னும் வே” என்று எனக்கும் கை நிறையத் தந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் தின்றேன்.

தோணிக்காரர் மீன் குழம்பு வைத்தார். பொழுது சாயும் முன்னே சாப்பிட்டோம். சாப்பிட்டு ஒரு நாழிகைகூட ஆகியிருக்காது, ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் தாழம்புதர்ப் பக்கம் ஓடினார். வாந்தி. திரும்பி வந்தார், மறுபடியும் ஓடினார். அப்புறம் வயிறும் போக ஆரம்பித்தது. நாலாவது தரம் வந்தவர் நிற்க மாட்டாமல் கூடாரத்துக்குள் சுருண்டு படுத்துவிட்டார்.

அண்ணாச்சி அரிக்கேன் விளக்கைக் கூடார வாசலில் தூக்கிப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

“உதட்டைப் பாருங்கவே” என்றார். “நீலம் பாரிச்சிருக்கு. நாக்கு, ஈறு எல்லாம் நீலம். கண்ணு உள்ள போயிருக்கு. புத்தகத்துல அப்படியே இருக்கு. வாந்திபேதி.”

அந்த மாதம் கங்கைகொண்டான் பக்கம் பேதி நடமாட்டம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு வீட்டில் காலையில் கண்டு, சாயங்காலம் மூன்று பேரைத் தூக்கினார்கள் என்று கேள்வி. நாங்கள் நாலு பேரும் எங்களை அறியாமலே பின்னால் நகர்ந்திருந்தோம். அண்ணாச்சி கீழே வைத்த விளக்கு வாசலிலேயே கிடந்தது. அதை எடுக்கக்கூட ஒருவரும் கிட்டப் போகவில்லை.

“பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்திருவோம்” என்றார் டிரில் வாத்தியார். அப்பாடா, ஒருத்தர் சொல்லிவிட்டார்! எல்லோரும் தலையை ஆட்டினோம். டாக்டரைக் கூப்பிட நாலு பேர் எதற்கு என்று கணக்கு வாத்தியாரான நான்கூடக் கேட்கவில்லை. எவனாவது ஒருத்தன் ‘நான் இருக்கேன், நீங்க போங்க’ என்று சொல்வான் என்று பார்த்தேன். அந்த எவனோ ஒருத்தன் நானாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“தண்ணி... கொஞ்சம் தண்ணி தாங்கவே” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

நான் செம்பில் தண்ணீர் மொண்டு மணலில் வைத்தேன். தோணி தள்ளுகிற கழியை எடுத்து, அந்தக் கழி முனையால் செம்பை வாசலுக்குள் தள்ளிவிட்டேன். நாய்க்குச் சோறு வைக்கிறவன்கூட ஒரு எட்டு கிட்டப் போவான். உள்ளே அவர் மடக்மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. “நீரு தங்கமான ஆளு வே” என்றார், அரைத் தூக்கத்தில்.

செருப்புகள் கூடார வாசலில் கிடந்தன, நாலு ஜோடியும். யாரும் எடுக்கவில்லை. “அவரு தூங்குதாரு, நாங்க மருந்து வாங்கிட்டு வாரோம்” என்று தோணிக்காரரிடம் அண்ணாச்சி சொல்லி, தோணியை எடுக்கவைத்தார். கரையில் வெறுங்காலோடு உடைமுள்ளை மிதித்துக்கொண்டு நடந்தோம். அரை மைலில் ஒரு ஊர்ச் சாவடி இருந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தவர்கள்தான். விடியட்டும், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாயிற்று. அண்ணாச்சி ஜெபம் பண்ணினார். “எங்கள் சகோதரனை உம்முடைய கரத்தில் ஒப்படைக்கிறோம்” என்றார். நானும் ஆமென் சொன்னேன்.

அப்போதுதான் தோணிக்காரருக்கு விஷயம் புரிந்தது. “நான் போயி அவரு பக்கத்துல இருக்கேன்யா” என்று எழுந்தார். “நீ போயி ஒட்டிக்கிட்டு வந்து ஊரையே கொல்லப் போறியா?” என்று அண்ணாச்சி அதட்டி உட்காரவைத்தார். அந்த மனுஷன் எங்களை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

கிழக்கு வெளுக்கிற நேரத்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினவரும் அவர்தான். “வாத்தியாரையா, எந்திரியும். ஆத்துச் சத்தம் மாறிட்டு. மலையில மழை. தண்ணி வந்திருக்கு.”

மற்ற மூவரையும் எழுப்பினேன். டிராயிங் வாத்தியார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணாச்சி, “போகாதீரும் வே, நீரு பிள்ளைகுட்டிக்காரன்” என்றார். வெள்ளத்தில் நீந்தினவர் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தார். நான் முள் தைத்த காலை இழுத்துக்கொண்டு தோணிக்காரர் பின்னால் ஓடினேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. திட்டைக் காணவில்லை. கூடாரம் இல்லை, மணல் இல்லை, தாழம்புதர் இல்லை. மூன்று மரத்தின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. நீச்சல் தெரியாத மனுஷன், சீக்குக்கார மனுஷன், நாங்கள் கொன்றுவிட்டோம், நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கொன்றுவிட்டோம் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு நின்றேன். தோணிக்காரர் என்னைப் பிடித்துத் தோணிக்குள் தள்ளினார்.

நடு மரத்துக்குக் கிட்டே போனபோது கிளைக்குள்ளிருந்து ஒரு அலறல்.

“வே! உயிரோட இருக்கீரா வே!”

அவர்தான். நான் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். கவைக்கொம்பில் உட்கார்ந்து, வேட்டியால் தன்னைக் கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கழுத்தில் துண்டு மூட்டை ஒன்று தொங்கியது. தோணியில் இறக்கினதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

“மத்தவங்க? மூணு பேரும்?”

“இருக்காங்க. கரையில இருக்காங்க.”

“ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். “வயிறு காலியானதும் அசந்து தூங்கிட்டேன் வே. முழிச்சா காலுல தண்ணி. வெளிய வந்தா தோணியைக் காணும், உங்களைக் காணும். செருப்பு மட்டும் நாலு ஜோடியும் கிடக்கு. எனக்கு ஈரக்குலை அத்துப் போச்சு. தோணியைப் பிடிக்கப் போயி நாலு பேரும் ஆத்தோட போயிட்டாங்கன்னு... ராவெல்லாம் ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டேன் வே.”

கழுத்து மூட்டையை அவிழ்த்தார். எங்கள் செருப்புகள். எட்டும் இருந்தன.

“உங்க வீட்டுல கொண்டுபோய்க் குடுக்க இதாவது வேணும்லா” என்றார்.

“தோணியை வெள்ளம் இழுத்துட்டு, அப்படித்தான வே?” என்று அவரே கேட்டார். நான் தலையை ஆட்டினேன். கழி ஊன்றிக்கொண்டிருந்த தோணிக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெயில் ஏறினது. அவர் சிரித்தபோது வாயைப் பார்த்தேன். அதே நீலம். பேதி கண்டவனுக்கு இந்நேரம் மூச்சே இருக்காதே! குனிந்து என் வேட்டியைப் பார்த்தேன். மடியெல்லாம் நாவல்பழக் கறை. நகக்கண்ணிலும் கறை. நேற்று அந்த விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தால் என் உதடும் அதே நிறத்தில்தான் இருந்திருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குக் கண்ணே இல்லாமல் போயிற்று. பழத்தைக் கையில் தந்தவர் அவர், தின்றவன் நான். எனக்குத் தெரியாதா?

சாவடியில் அவரைப் பார்த்ததும் மூவரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். அவர் வெள்ளக் கதையைச் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் டிரில் வாத்தியார், டிராயிங் வாத்தியாரின் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்ததாக ஒரு கதையையே ஆரம்பித்துவிட்டார். டிராயிங் வாத்தியார் மறுக்கவில்லை. அவரவர் செருப்பை அவரவர் வாங்கி மாட்டிக்கொண்டோம்.

அதோடு முடிந்ததா? இல்லை. மரத்தின் மேலே உட்கார்ந்து அந்த மனுஷன் ஒரு பொருத்தனை பண்ணியிருந்தார். நாலு பேரில் ஒருத்தராவது உயிரோடு கிடைத்தால் தன் ஊர்க் கோயிலில் அசனம், அதாவது சபைக்கே கறிச்சோறு, போடுவதாக. ஒருத்தர் என்ன, நாலு பேரும் கிடைத்துவிட்டோமே! ஆடி மாதம் வண்டி வைத்து எங்களை ஊருக்கு அழைத்துப் போனார். ஆராதனையில் உபதேசியார் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். “ஜலப்பிரளயத்திலிருந்து மீட்கப்பட்ட நான்கு சகோதரர்கள்” என்றார். நாலு பேரும் நின்றோம். சபை முழுக்க எங்களுக்காக ஸ்தோத்திரம் சொல்லிற்று. வேர்வை முதுகில் வழிந்தது.

கோயிலுக்கு வெளியே ஓலைப் பந்தல். முதல் வரிசையில் எங்கள் நாலு பேருக்கும் இலை. பந்தல் ஓரத்தில் செருப்புகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். அவரே சோற்றுக் கூடையைத் தூக்கி வந்தார். பின்னால் அவர் சம்சாரம் கறிச் சட்டியோடு வந்தாள். அது அவள் குட்டியிலிருந்து வளர்த்த கிடா. காலையில் எங்களைக் கண்டதும் கண் கலங்கிக் கும்பிட்டவள்.

என் இலையில் அவர் சோறு வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“நில்லும் வே” என்றேன். “தோணியை வெள்ளம் இழுக்கல. உமக்குப் பேதின்னு பயந்து, உம்மைத் திட்டுல போட்டுட்டு நாங்கதான் ஓடிட்டோம். நாலு பேரும்.”

பக்கத்தில் அண்ணாச்சி என் தொடையைக் கிள்ளினார். ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் என்னையே பார்த்தார். அப்புறம் கூடை குலுங்கச் சிரித்தார்.

“போரும் வே! பரியாசம் பண்ண நேரம் பாத்தீரே! நீரா ஓடுத ஆளு? நான் சாகக் கிடக்கையில செம்புல தண்ணி தந்ததே நீருதான். நீரு மட்டும் இல்லன்னா நாக்கு வறண்டு செத்திருப்பேன்” என்று இன்னொரு குவியல் சோற்றை என் இலையில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அவர் நம்பவில்லை. சாகிற வரைக்கும் நம்பவில்லை.

அவர் சம்சாரம் அங்கேயே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். தலை குனிந்திருந்த மற்ற மூன்று பேரையும் பார்த்தாள். பந்தல் ஓரத்தில் கிடந்த நாலு ஜோடிச் செருப்பையும் பார்த்தாள். அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். என் இலையைத் தாண்டினாள். அண்ணாச்சி இலையை, டிராயிங் வாத்தியார் இலையை, டிரில் வாத்தியார் இலையைத் தாண்டினாள். ஐந்தாவது இலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் குனிந்து கறி வைத்தாள்.

“எம்மா, இங்கன இன்னும் கறி வைக்கலியே” என்றார் டிரில் வாத்தியார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.