பொங்கும் முன் இறக்கிவிடுவாள்

சுவருக்குத் தண்ணீர் அடிக்கும்போது அனுமவ்வா சுவரைத் திட்டிக்கொண்டே அடிப்பாள். "குடி, குடி. எம்புருஷன் மாதிரியே நீயும். எவ்வளவு ஊத்தினாலும் பத்தாது." புருஷன் பீமப்பா அதே சுவருக்கு அந்தப் பக்கம் செங்கல் அடுக்கிக்கொண்டிருப்பார். கேட்காத மாதிரிதான் இருப்பார். ஆனால் காது லேசாக ஆடும், நான் பார்த்திருக்கிறேன்.

யாதகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள். நானும் அந்தப் பக்கம்தான். எதிர் மனையில் வாட்ச்மேன். எங்கள் தொழிலில் புருஷனுக்கு வாட்ச்மேன் என்று பெயர், வேலை பெண்டாட்டிக்கு. வீடு எழும்புகிறவரை பக்கத்துக் காலி மனையில் தகரக் கொட்டகை. மேலே காங்கிரீட் விழுந்ததும் வீட்டுக்குள் குடி போவோம். தரைக்குக் கல் பதிக்க ஆள் வந்ததும் வெளியே. பெயிண்டு வாசனை அடங்குவதற்குள் அடுத்த மனை.

இப்படி அவள் வாழ்ந்த வீடுகளைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். "ஜெயநகர்ல நம்ம வீட்டுக்கு ரெண்டு பால்கனி. காத்து பிச்சுக்கிட்டுப் போகும். ஆனா அந்த மாடிப்படிதான் எனக்குப் பிடிக்கல." கேட்கிறவன் பெரிய இடத்துப் பெண் என்று நினைத்துக்கொள்வான், சிமெண்டு தின்ற அவள் காலைப் பார்க்காவிட்டால்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரிடமும் சொல்லாதே என்றாள், அதனால்தான் எழுதுகிறேன். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போனதும், புதுச் சமையலறை மேடையில் தன் ஸ்டவ்வை வைத்து, சொம்புக்குக் குங்குமம் இட்டு, கிழக்கே பார்த்துப் பால் காய்ச்சுவாள். விளிம்புக்கு ஏறியதும் இறக்கிவிடுவாள். ஒரு சொட்டு வழியாது.

"வழியவிடக் கூடாதுண்ணா. பொங்கறது வீட்டுக்காரங்களுக்கு. அதையும் நான் எடுத்துக்கிட்டா அவங்களுக்கு என்ன மிச்சம்?"

"அப்ப எதுக்குடி காய்ச்சற?"

"ஒரு வருஷம் இருந்தோமில்ல. சொல்லிக்காம போறதா?"

கொட்டகைக்கு மட்டும் அவள் காய்ச்சியதே இல்லை. "பிரிச்சு லாரியில ஏத்தற எடத்துக்குப் பாலா? அதை டீயாவாச்சும் குடிக்கலாம்."

போன வருஷம் கெங்கேரிப் பக்கம் வீணா மேடம் வீட்டில் இருந்தபோது, அனுமவ்வாவின் மகள் ரேணவ்வா ஆறு மாதக் கர்ப்பம். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். தாய் வீடு எங்கே இருக்கிறது? ஊரிலிருந்த மண்வீடு ஒரு மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சம்பந்தி சங்கவ்வா போனில் கேட்டது எதிர் மனையில் எனக்கே கேட்டது. "தார்ப்பாயைக் கட்டி வச்சுக்கிட்டு அதுக்குத் தாய் வீடுன்னு பேரா? மாட்டைக்கூட கொட்டாயில கட்டுறோம்மா நாங்க."

அந்த வீட்டில் பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. வீணா மேடம் நல்ல மனுஷி. "கட்டி முடிச்சப்புறமும் நீங்களே இங்க இருந்துக்கோங்க, அந்த ரூம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அனுமவ்வா அன்றைக்கே சம்பந்திக்குப் போன் போட்டாள். "ரூமு. கதவு இருக்கு. உள் தாழ்ப்பாள் இருக்கு." தாழ்ப்பாளை மூன்று தடவை சொன்னாள். சங்கவ்வா இறங்கி வந்தாள். ஏழாம் மாதம் தானே கூட்டிவந்து விடுவதாகச் சொன்னாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின மத்தியானம் வந்தது. எல்லாம் கிடைத்த பிறகும் பழக்கத்தை விட்டாளா? பால் விளிம்புக்கு ஏறுகிற சமயம், திரைச்சீலைக்காரனோடு வீணா மேடம் உள்ளே வந்தார். இவள் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு திரும்பலில் பால் புதுக் கருங்கல் மேடை முழுக்க ஓடியது.

"எங்க வீட்டுல நீ பால் காய்ச்சினியா?"

"டீ போடத்தாம்மா."

"சொம்புக்குக் குங்குமம் வச்சா?"

ஐயரை மறுபடி கூப்பிட்டு ஏதோ ஹோமம் கூட்டிச் செய்தார்கள். திட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைசிப் பந்தியில் சாப்பாடு போட்டார்கள், புடவை கொடுத்தார்கள். மறுநாள் பின் அறையில் இன்வர்ட்டர் பேட்டரி குடி வந்தது. அதற்கு யாரும் பால் காய்ச்சவில்லை.

அனுமவ்வா தெருக்கோடி மனைக்கு மாறினாள். நாலு தகரம், ஒரு நீலத் தார்ப்பாய். சம்பந்திக்கு மட்டும் சொல்லவில்லை. "சொல்லிடு" என்றேன். "சொன்னா அனுப்ப மாட்டாண்ணா" என்றாள். பீமப்பா எங்கிருந்தோ, காங்கிரீட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற ஒரு சென்ட்ரிங் பலகையை எடுத்துவந்து வாசலில் சாத்திவைத்தார். அதைக் கதவு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை, நானோ கூசாமல் பொய் சொல்கிறவன்.

ஏழாம் மாதம் ஆட்டோ வந்து வீணா மேடம் வீட்டு முன்னால் நின்றது. சங்கவ்வா இறங்கினாள், பின்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரேணவ்வா. பச்சைப் புடவை, கை நிறைய வளையல். அண்ணாந்து வீட்டைப் பார்த்த சங்கவ்வாவின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அனுமவ்வா தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தாள். நான் என் மனை வாசலில் ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அனுமவ்வா அதைக் கேட்கவில்லை.

"இது இல்ல அண்ணி. அது."

சங்கவ்வா நடந்து போய்ப் பார்த்தாள். பலகையை ஒரு விரலால் தள்ளினாள். அது விழுந்தது.

"தாழ்ப்பாள் எங்கடி?"

"இல்ல."

"மூணு தடவை சொன்னியே."

"அப்ப இருந்துச்சு."

பின்னாலேயே வந்து நின்ற ஆட்டோக்காரன், "வெயிட்டிங் போடவா?" என்றான். ரேணவ்வா மாமியாரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "எனக்கு இடுப்பு வலிக்குது, நான் உக்காரணும்."

"வாசல்லயே நில்லு. உள்ள வராத" என்றாள் அனுமவ்வா. உள்ளே போய் மூன்று செங்கல் வைத்தாள். கிழக்கு எது என்று ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டாள். சொம்புக்குக் குங்குமம் வைத்து, டீக்கு வைத்திருந்த பாலை ஊற்றி, சென்ட்ரிங் பலகைச் சிராய்களைப் பற்றவைத்தாள்.

சங்கவ்வா அந்தக் குங்குமச் சொம்பைப் பார்த்தாள். பிறகு ஆட்டோவிலிருந்து பையை இறக்கினாள். "நீ போப்பா. நான் பஸ்ஸுல போய்க்குவேன்."

பால் விளிம்புக்கு ஏறியது.

"இறக்குடி, வழியுது" என்றார் பீமப்பா.

அனுமவ்வா பிடிதுணியை மடியில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். பால் சொம்பைச் சுற்றி வழிந்து, செங்கல்லை நனைத்து, மண்ணுக்குப் போகிறவரை.