படத்தில் எங்கள் வீடு மட்டும் சிவப்பு

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். ரெட்டியார்பாளையத்தில், மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஒருநாள் காலை, கல்லூரிப் பெண்கள் இருவர் பெரிய பெரிய படங்களோடு வந்து, நிழலாக இருக்கிறதென்று எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். செயற்கைக்கோள் மேலேயிருந்து எடுத்த படமாம். புதுச்சேரி எந்தப் பக்கம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்களாம்.

எனக்குப் புது ஆட்களிடம் பேசக் கூச்சம். தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். ஒருத்தி படத்தில் விரலை வைத்து, "இதோ, இந்த வீடுதான்" என்றாள். சுற்றிலும் சாம்பல் நிறம். எங்கள் வீடு மட்டும் நல்ல சிவப்பு.

முந்தைய வருடம்தான் ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள், சிவப்புப் பெயின்ட்டில் குறி போட்ட வீடுகளையெல்லாம் இடித்திருந்தார்கள். கேட்க வாய் வரவில்லை. உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்த பட்டாவை எடுத்துவந்து நீட்டினேன்.

"என்ன ஆயா இது?"

"பட்டா. ஊட்ட இடிச்சிடாதீங்கம்மா. எங்க ஊட்டுக்காரர் வாங்குன மனை."

"ஐயோ ஆயா! நாங்க படிக்கிற புள்ளைங்க. ஒரு செங்கல்லக்கூட எங்களால அசைக்க முடியாது."

அந்தப் படத்தில் செடிகொடியெல்லாம் சிவப்பாகத்தான் தெரியுமாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷீட்டுக் கூரை வெயிலில் கொதிக்கிறதென்று, வருஷா வருஷம் நான்தான் பீர்க்கங்கொடியைக் கூரை முழுக்க ஏற்றிவிடுவேன்.

"கம்ப்யூட்டரு இங்க வீடே இல்லங்குது ஆயா. தோட்டம்னு போட்டிருக்கு. அது சரியான்னு நேர்ல பாக்கத்தான் வந்தோம்" என்றாள் மற்றவள்.

"அப்ப நான் தோட்டத்துலயா சோறாக்கிக்கிட்டு கெடக்கேன்?"

என்னையறியாமல் கேட்டுவிட்டேன். இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு, வீடுகள் வருமுன் எங்கள் பகுதியை எடுத்த பழைய படம் ஒன்றை விரித்தார்கள். ஒரே சிவப்பு. எது நெல், எது கரும்பு, எது முள்ளுக்காடு என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என் பேச்சை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஆளுக்கு ரெண்டு பீர்க்கங்காய் பறித்துக் கொடுத்தேன். கிளம்பும்முன், முதலில் விரல் வைத்துக் காட்டிய பெண் எங்கள் வீட்டுச் சிவப்பின்மேல் பேனாவால் 'வீடு' என்று எழுதிக் காட்டினாள். அதை நானே படித்தேன். இப்போதும் எதையாவது பார்த்துப் பயம் வந்தால், பெட்டியைத் திறக்கும் முன் வாயைத் திறந்து கேட்டுவிடுகிறேன்.