சுண்ணாம்பு பட்ட வரி

திருவிடைமருதூரில் இறங்கி, டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், கடைசியில் ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேருகிற ஊர்களில் ஒன்றில்தான் குந்தவை இருக்கிறாள். ஊருக்குள் அவளைப் பற்றி விசாரித்தால் இரண்டு சேதி கிடைக்கும். நாற்று விட்டால் ஒரு விதை பழுதாகாது, அவ்வளவு கைராசி. அப்புறம், கதை எழுதுவாள், எதுவும் புத்தகத்தில் வந்ததில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஏளனமெல்லாம் இல்லை. அடுத்த வீட்டுப் பசுவுக்குப் பால் வற்றிவிட்டதைச் சொல்கிற அதே அக்கறைதான்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் அவளும் கணவர் நாகநாதனும்தான். மத்தியானம் சாப்பிட்டு நாகநாதன் குறட்டை விட ஆரம்பித்ததும் இவள் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். எழுதியதைக் கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இசைவாணியிடம் கொடுத்து டைப் அடித்து வாங்குவாள். திரும்பி வருவதற்கு ஓர் உறையில் தன் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, கதையோடு வைத்து அனுப்புவாள். மெயில் போட்டால் போதுமே என்று இசைவாணி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"மெயில் போட்டா கிணத்துல போட்ட கல்லுடி. இதுல உறையாவது திரும்பி வரும்ல?" என்பாள் குந்தவை.

திரும்பித்தான் வந்தது. ஒன்று விடாமல் வந்தது.

முதல் கதை திரும்பிய அன்று வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று அழுதாள். பிறகு அழுகை போய்க் கோபம் வந்தது. உறை வந்த நாளில் குழம்பில் உறைப்பு தூக்கலாக இருக்கும். நாகநாதன் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். கோபமும் தேய்ந்து, கடைசியில் மிஞ்சியது கூச்சம். தபால்காரர் உறையை நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாத கூச்சம். பேரும் புகழும் வேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை. யாரோ ஒருத்தர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார் என்று தெரிந்தால் போதும். பல உறைகளில், தாள்களைச் சேர்த்து அவள் குத்திய குண்டூசி அப்படியே கழற்றாமல் இருந்தது.

அந்த ஊரில் கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். வாசலில் நின்றபடியே படித்துவிட்டு, வெளியே எங்காவது செருகிவிட வேண்டும். நாகநாதன் வீட்டில் அது வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போகும். ஓட்டுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள இடுக்கில், ஊரில் செத்தவர்கள் எல்லாரும் மடித்த காகிதமாக இருப்பார்கள். ஒரு நாள் திரும்பி வந்த கதையும் ஒரு கருமாதிப் பத்திரிகையும் சேர்ந்தாற்போலத் தபாலில் வந்தன. கண்ணாடி போடாத நாகநாதன் இரண்டையுமே சாவுச் சேதி என்று நினைத்துக் கொண்டுபோய்ச் செருகிவிட்டார்.

குந்தவை சண்டை போடவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான இடம் என்று தோன்றியது. வீட்டுக்குள் வைத்தால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அன்றிலிருந்து, திரும்பி வரும் கதையை எல்லாம் அவளே கொட்டகைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். விதைநெல் வந்த பிளாஸ்டிக் பையில் போட்டு, பத்திரிகைகளுக்கு நடுவே செருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள். மனசு லேசாக இருக்கும்.

இப்போது அமிர்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமிர்தம் வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. குத்தகைக்கு நிலம் பிடித்துத் தனியாளாக உழுது பயிர் வைத்தவள். புருஷன் வேறொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டான். ஒரே மகள்தான் அந்த ஜெராக்ஸ் கடை இசைவாணி. அமிர்தத்துக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் குந்தவை எழுதுவதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலை போட்ட வாயோடு முனகி முனகிப் படிப்பாள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று சாயங்காலம் ஆகும். எழுந்திருக்கும்போது, விரலில் மிச்சமிருக்கிற சுண்ணாம்பை நிறுத்திய வரியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவாள். "நாளைக்கு எங்கேருந்துன்னு தெரியணும்ல குந்தவை?" என்பாள். எத்தனை திட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், நட்ட பயிர் மூழ்கிக் கிடக்கிறதே என்று விடியற்காலையில் வடிகால் மடையைத் திறக்கப் போனவள் திரும்பவில்லை. மடைப்பலகையைத் தூக்கும்போது வழுக்கியிருக்கிறது. வாய்க்கால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊர் வேறு மாதிரி பேசியது. புருஷன் போன ஏக்கத்தில் தானாகவே இறங்கிவிட்டாள் என்றது. அன்றைக்கு வேலியோரம் நின்று, "மடையைத் தொறந்துட்டு வந்துடறேன் குந்தவை, காப்பி போட்டு மூடி வையி" என்று அமிர்தம் சொன்னது குந்தவைக்கு மட்டும்தான் தெரியும்.

அதைத்தான் பெயரை மாற்றி, 'மடைப்பலகை' என்று கதையாக எழுதினாள். இசைவாணியிடம் கொடுக்க மனம் வராமல் வேறு கடையில் டைப் அடித்து அனுப்பினாள். திரும்பி வந்தது. இந்தத் தடவை உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு: 'முடிவு சப்பென்று இருக்கிறது.' அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால், படித்திருக்கிறார்கள்! அந்தச் சந்தோஷத்தில் முடிவை மாற்றினாள். காப்பி போட்டு வைக்கச் சொன்ன வரியை எடுத்தாள். பலகையை விட்டுவிட்டு அந்தப் பெண் தானாகவே தண்ணீருக்குள் நடந்து போனாள் என்று வைத்தாள். எழுதும்போது அவளுக்கே புல்லரித்தது. அதையும் வேறொரு பத்திரிகைக்கு அனுப்பி, அதுவும் திரும்பி வந்தது. இரண்டு பிரதியும் கொட்டகைக்குப் போயின. பிடிவாதத்தில் மாற்றிய கதையின் இன்னொரு நகலை மூன்றாவதாக ஒரு சிற்றிதழுக்கு அனுப்பிவிட்டு மறந்துபோனாள்.

காத்தானின் கருமாதிப் பத்திரிகை வந்தபோதுதான் அது நடந்தது. காத்தான் லஸ்கர் வேலை பார்த்தவர். வாய்க்கால் மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில்தான் இருந்தது. எப்போதும் மூக்குப்பொடியும் தும்மலுமாகத் திரிவார். அவர் படுக்கையில் கிடக்கும்போதே அவரை வைத்து ஒரு கதை எழுதி அனுப்பியிருந்தாள். அதுவும் அந்த வாரம்தான் திரும்பியிருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் வரப்பில் நடந்து கொட்டகைக்குப் போனாள். பையைப் பிரித்தபோது 'மடைப்பலகை' மேலாக இருந்தது.

முதல் பக்கத்தில், மூன்றாவது வரியில், ஒரு சுண்ணாம்புப் பொட்டு.

பல்லி எச்சம் என்று நினைத்துச் சுரண்டினாள். விரல் நுனி சில்லென்று நனைந்து, பிறகு எரிந்தது.

நாகநாதன் வெற்றிலை போடுவதில்லை. களை எடுக்க வருகிறவர்கள் கொட்டகைப் பக்கம் ஒதுங்குவதே இல்லை. செத்தவர்கள் செருகிக் கிடக்கும் இடமாயிற்றே. அடுத்த நாள் போய்ப் பார்த்தாள். பொட்டு பக்கத்தின் பாதியில் இருந்தது. அதற்கடுத்த நாள் அடி வரியில். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று குந்தவைக்குத் தெரியாதா?  மோட்டார் ஓடவில்லை, ஆனாலும் கொட்டகைக்குள் முனகல் மாதிரி ஒன்று கேட்டது. ஓட்டில் காற்று அடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையை மூடாமலே ஓடி வந்துவிட்டாள்.

பயந்தவள் போகாமல் இருக்க வேண்டும். அதுதான் முடியவில்லை. தினமும் மத்தியானம் கால்கள் தாமாகவே வரப்பில் இறங்கின. உண்மையைச் சொன்னால், பயத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. யாரோ ஒருத்தர் படிக்கிறார்கள். வரி வரியாக.

முதல் பிரதி முடிந்தது. கடைசி வரிக்குக் கீழே, சின்னதாக, வட்டமாக ஒரு பொட்டு. பிறகு இரண்டாவது பிரதி ஆரம்பமானது. அது அந்தப் பெண் பலகையைத் தூக்கக் குனிகிற வரி வரைக்கும் வந்தது. அங்கே நின்றது.

மறுநாளும் அங்கேதான். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் புதுச் சுண்ணாம்பு பழைய சுண்ணாம்பின் மேல் அப்பி அப்பி, அவள் பலகையை விட்டுவிட்டு நடக்கிற அடுத்த வரி முழுக்க வெள்ளையாக மூடிப்போனது.

அந்த வாரத்தில்தான் போன் வந்தது. அந்த மூன்றாவது சிற்றிதழின் ஆசிரியை, எழில்மொழி என்று பெயர் சொன்னாள்.

"மேடம், மடைப்பலகை கதையை அடுத்த இதழ்ல போடுறோம். அந்தப் பொம்பளை பலகையை விட்டுட்டுத் தானா தண்ணிக்குள்ள நடந்து போறா பாருங்க, எனக்கு ஒடம்பே சிலிர்த்துப் போச்சு. அதுதான் மேடம் கதை."

 குந்தவை போனை வைத்துவிட்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்த நாகநாதனைத் தட்டி எழுப்பினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மிட்டாய்க் கடைக்குப் போனார். "ஊர்ல ஒரு பய இனிமே வாயத் தொறக்க மாட்டான்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனாராம். அவ்வளவு காலமும் குழம்பின் உறைப்பைத் தாங்கியவர் அவர். அவருக்கும் ஆசை இருக்காதா?

அவர் வாங்கிவந்து கொடுத்த அல்வாத் துண்டை வாயில் போட்டபடியே குந்தவை கொட்டகைக்கு ஓடினாள். சந்தோஷத்தில் பயம் விட்டுப்போயிருந்தது. பையைப் பிரித்தாள். சுண்ணாம்பு அதே வரியில், கட்டியாக, ஈரமாக இருந்தது. கொட்டகை முழுக்க வெற்றிலை வாசனை.

வாயில் இருந்த அல்வா கசந்தது.

"ஏன், இதுக்கு மேல படிச்சா என்ன?" என்று சத்தமாகக் கேட்டாள்.  "ஊருல இருக்கிற பத்திரிகைக்காரன் எல்லாம் வேணாம்னான். பொறுத்துக்கிட்டேன். இப்பத்தான் ஒருத்தி வேணும்னு சொல்றா. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ நீ, உனக்கும் என் கதை ஆகலியா?"

சொல்லிவிட்டுத் தேம்பி அழுதாள். முதல் உறைக்கு அழுததைப் போல, ஆனால் இப்போது ஒளிந்துகொள்ளாமல். அழுது ஓய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போர்வெல் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை உறைகள் திரும்பி வந்திருக்கின்றன. எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று விரல் வைத்துக் காட்டியது இந்த ஒன்றுதான். முதல் பிரதியில் காப்பி இருந்த இடத்தில்தான் விரல் இருந்தது.

அங்கேயே நின்று எழில்மொழிக்குப் போன் போட்டாள். "அம்மா, அந்த முடிவை மாத்திக்கலாமா? அவ வழுக்கித்தான் விழுந்தா. போறதுக்கு முன்னாடி காப்பி போட்டு வைக்கச் சொன்னா."

 "அப்படி வெச்சா அது வெறும் விபத்தாயிடுமே மேடம். அதைப் போட முடியாது. இந்த முடிவுன்னா நாளைக்கே அச்சுக்குப் போயிடும்."

நாகநாதன் இந்நேரம் கடைத்தெருவில் மிச்ச அல்வாவைக் கொடுத்துக்கொண்டிருப்பார். இப்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? குந்தவை காகிதத்தைப் பார்த்தாள்.

"அப்ப வேணாம்மா" என்றாள். "கதையத் திருப்பி அனுப்பிடுங்க. உறை உள்ளேயே வெச்சிருக்கேன்."

இத்தனை காலமும் வேண்டாம் என்ற சொல்லை வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம். கொடுத்தது அதுதான் முதல் தடவை.  இரண்டாவது பிரதியைச் சுக்கு நூறாகக் கிழித்து வாய்க்காலில் விட்டாள். வீட்டுக்கு வந்து நாகநாதனிடம் விஷயத்தைச் சொன்னாள். "அல்வா கொடுத்தது கொடுத்ததுதான், திருப்பி வாங்க முடியாது" என்று மட்டும் சொன்னார். அன்று குழம்பில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போய், இந்தத் தடவை இசைவாணியிடமே கொடுத்தாள். இசைவாணி டைப் அடித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பக்கத்தில் விரல்கள் நின்றன.

"சித்தி, அம்மா காப்பி போட்டு வைக்கச் சொன்னது நெசமா?"

"நெசம்."

"எங்கிட்ட யாருமே சொல்லலியே. எனக்காகக்கூட இருக்கணும்னு அதுக்குத் தோணலியேன்னு ரெண்டு வருஷமா..." மேலே பேச முடியாமல் அவள் கீபோர்டின் மேல் கவிழ்ந்துகொண்டாள்.  அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் குந்தவை நினைத்திருந்தாள். பக்கத்தில் போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

அழுது முடித்த இசைவாணி, அடிக்குறிப்பு மாதிரி இருந்த அந்த வெள்ளைப் பொட்டை விரலால் தொட்டாள்.  "இதோட ஒரு காப்பி எனக்கு எடுத்துக்கறேன் சித்தி" என்றாள்.

கதை மறுபடியும் தபாலில் போயிற்று. மறுபடியும் திரும்பி வந்தது. தபால்காரர் உறையை நீட்டியபோது குந்தவை அவர் முகத்தைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அன்றைக்குக் குழம்பு ஒழுங்காக இருந்தது. சாப்பிட்டு முடித்து, உறையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பையைப் பிரித்தாள். சுண்ணாம்பு எங்கும் இல்லை. வெற்றிலை வாசனையும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

உறையை உள்ளே வைக்கும்போதுதான் காத்தான் கதை கண்ணில் பட்டது. முதல் பக்கத்தில் பழுப்பாக ஏதோ சிந்தியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். மூக்கு சுருக்கென்று ஏறியது. பக்கத்தைப் புரட்டினாள், இரண்டாம் பக்கத்தின் நடுவிலும் அதே பொடி, ஒரு பெருவிரல் அகலத்துக்கு.

 காத்தான் தன் ஆயுசில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. கதைக்கு அழுத்தம் வேண்டும் என்று, அவரைக் குடிக்க வைத்து, போதையில் மதகைத் திறக்க மறந்தார் என்று எழுதியிருந்தாள். அது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது.

ஐந்தாம் பக்கத்தை மட்டும் உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, வரப்பில் ஓட்டமும் நடையுமாக வீட்டைப் பார்த்துப் போனாள். பேனா வீட்டில் இருந்தது. அவர் வேகமாகப் படிப்பவரா, மெதுவாகப் படிப்பவரா என்பதும் தெரியாது. பாதி வழி போயிருப்பாள். பின்னால், ஆளில்லாத கொட்டகைக்குள், யாரோ பலமாகத் தும்மினார்கள்.