கடல் பக்கத்துச் சன்னல்

மறிச்சுக்கட்டிக் கரையில் நடந்த முத்துக்குளிப்பில் நான் கந்தோரில் கணக்கெழுதும் எழுத்தனாக இருந்த வருசம், எழுத்தர்கள் நாங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கூடாரம் தந்தார்கள். தடித்த கித்தான் துணி, ஒரேயொரு வாசல். உள்ளே வியர்வையும் மண்ணெண்ணெய்ப் புகையும் ஊத்தைச் சாரங்களும் சேர்ந்து அவிந்தன. விடிய எழும்பினால் வாயெல்லாம் கசக்கும்.

வாசலுக்கு எதிரே ஒரு சன்னல் வெட்டினால் காற்று ஓடும் என்று கண்டுபிடித்தவன் நான்தான். வள்ளங்களுக்குப் பாய் தைக்கும் சிலாவத்துறைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன்.

"கடல் பக்கம் வேண்டாம் ஐயா. மத்தியானத்துக்குப் பிறகு காத்து மாறும்," என்றார்.

"காத்து வரத்தானே வெட்டச் சொல்லுறன்!" என்று சீறினேன். அவர் வெட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் வரை சுகம். பிறகு கடற்காற்று எழும்பியது. எங்களுக்கும் கடலுக்கும் நடுவில்தான் சிப்பிக் குவியல்கள் கிடந்தன. சதை அழுகி, புழு தின்று தீர்ந்த பிறகுதான் கழுவி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தை இவ்வளவு நாளும் மறித்து வைத்திருந்தது நான் வெட்டுவித்த துணிதான். நாற்றத்தோடு ஈயும் வந்தது. சோற்றில் ஈ, மைக்கூட்டில் ஈ. எங்களில் ஒருவர் கொட்டாவி விட்டார், அதற்குள்ளும் ஈ. நான் வெளியே ஓடி, தின்றதெல்லாம் சத்தியெடுத்தேன்.

திரும்பி வந்து, பாய் தைப்பவரைக் கூப்பிட வெட்கப்பட்டு, ஊசி நூலெடுத்துச் சன்னலை நானே நெருக்கித் தைத்தேன். வாசலையும் இறுக்கிக் கட்டினேன். கடைசி முடிச்சைப் போட்ட பிறகுதான் அந்த இரைச்சல் காதில் விழுந்தது. ஈ முழுவதும் உள்ளே, எங்களோடு.