மரியஜான் தோற்ற ஆட்டம்

நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இத்தாலியில் பாவோலோ போய் என்று ஒரு சதுரங்க விற்பன்னர் இருந்தார். கடற்கொள்ளையர் அவரைப் பிடித்து அடிமையாக விற்றதாகவும், சதுரங்கம் ஆடியே அவர் விடுதலை பெற்றதாகவும் ஒரு கதை உண்டு. நிஜமோ புளுகோ! அதே மாதிரி ஒரு ஆள் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் இருக்கிறார் என்றால் எனக்கு இருப்புக் கொள்ளுமா?

ஆள் பெயர் மரியஜான், மீன்பிடித் தொழிலாளி. பள்ளியை எட்டாம் வகுப்போடு விட்டவர், செஸ் பலகையை மட்டும் விடவில்லை. துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் யாரையாவது பிடித்து உட்காரவைத்துத் தோற்கடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோதும் பலகை கூடவே போனது.

அங்கே அவரும் கூட்டாளிகளும் போன படகு வழிதவறி வேறொரு நாட்டின் கடலெல்லைக்குள் புகுந்துவிட, எல்லாரையும் பிடித்து அடைத்தார்கள். காவல் அதிகாரி ஒரு செஸ் பைத்தியம். தினமும் மாலையில் மரியஜானைக் கூப்பிடுவார், தினமும் தோற்பார். விடுதலைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

"ஒருநாளாவது உன்னை ஜெயிக்காமல் அனுப்பமாட்டேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். கூட அடைபட்டிருந்த ஜெரிஷ் அன்று ராத்திரியே மரியஜானைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே மக்கா, உனக்க காலைப் பிடிக்கேன். ஒரு ஆட்டம் தோத்துக் குடு. நமக்கு வீட்டுக்குப் போகாண்டாமா?"

மறுநாள் மரியஜான் தோற்றார். அந்த வாரமே எல்லாரும் விமானம் ஏறினார்கள். 'எங்களுக்காகத் தோற்றவன்' என்று ஜெரிஷ் ஊரெல்லாம் சொல்லிவைத்ததில் மரியஜானுக்கு இப்போது தனி மரியாதை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. தினமும் ஆடுகிற அந்த அதிகாரி, எதிராளி வேண்டுமென்றே தோற்பதைக் கண்டுபிடிக்கமாட்டாரா? வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"அவனுக்குத் தெரியாம எப்படி அண்ணே தோத்திய?"

மரியஜான் அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தோக்கணும்னுதான் தம்பி இருந்தேன், சத்தியமாட்டு. அவன் ராணிய வெட்டுக்கு வச்சான் பாரு, எனக்க கை நிக்கல, வெட்டிட்டேன். செயிக்கத்தான் ஆட்டம் களிச்சேன். அது கெணி. அன்னைக்கு அவன் நேராட்டுதான் செயிச்சான்."

அந்தப் பொறியில் அவர் விழாமல் இருந்திருந்தால்? எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பால் விடாத கட்டஞ்சாயாவோடு வந்த அவர் மனைவி குளோரி வாசல்படியிலேயே நின்றுவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"நான் இங்க மாதா கோயில்ல முட்டுக்குத்திக் கெடந்தேன். நீரு அங்க செயிக்கவா பாத்தீரு?"

"குளோரி..."

"செயிச்சிருந்தா எப்ப வந்திருப்பீரு?"