ஒரு நடைக்குத் தாங்கும் கார்

தன் அதிகார எல்லைக்குள் தொழில் செய்பவரிடமிருந்து அரசு ஊழியர் எந்த அசையும் சொத்தையும் விலைக்கு வாங்கக் கூடாது. வாங்க வேண்டியிருந்தால் மேலதிகாரியிடம் எழுத்து மூலமாக முன் அனுமதி பெற வேண்டும். விதி இவ்வளவுதான். ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது, எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு இதைப் பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். குமாஸ்தா ஒருவர் உப்பள முதலாளியிடம் பசுமாடு வாங்கிவிட்டார். மாடு அசையும் சொத்துதான் என்று நிறுவி ஒன்றரைப் பக்கம் குறிப்பு எழுதினேன். மாடு திரும்பிப் போயிற்று. அதன் கன்றும் போயிற்று.

1943-ன் கடைசியில் இந்த விதி என் வீட்டு வாசலுக்கே வந்தது.

என் மனைவி மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது பிள்ளை, தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பழையகாயல் தாண்டும் முன்பே மாட்டுவண்டியிலேயே பிறந்து, அங்கேயே இறந்துவிட்டது. இந்தத் தடவை லேடி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வலி கண்ட ஒன்றரை மணி நேரத்துக்குள் அவள் ஆஸ்பத்திரி மேஜையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிருக்கும் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். யுத்தக் காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான். பஸ்கள் பெட்ரோலுக்குப் பதிலாகப் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேட்டில் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லி ஓடின. முன்கூட்டியே டவுனில் தங்க வைக்கலாம் என்றால், மில்லர்புரத்தில் இருந்த அவளுடைய சித்தி வீட்டில் அம்மை போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நாள் நெருங்காமல் கட்டில் கொடுக்க மாட்டார்கள்.

எங்கள் வட்டாரத்தில் விலைக்கு இருந்தது ஒரே ஒரு கார். அதுவும் என் எல்லைக்குள் இருந்த உப்பள முதலாளி ஒருவருடையது.

கார்த்திகையில் அனுமதி கேட்டு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதி, உரிய வழியாகச் சென்னைக்கு அனுப்பினேன். பதில் இல்லை. மார்கழியில் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். அதற்கும் இல்லை. தை பிறந்ததும் முதலாளி உப்பளத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்ஸ்பெக்டரையா, திருச்செந்தூர்க்காரன் ஒருத்தன் காரைக் கேட்டு அலையுதான். கரி அடுப்பை மாட்டி, தைப்பூசக் கூட்டத்துக்கு ஓட்டணுமாம். ஒங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். வர்ற வெள்ளிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"அனுமதி வரணும், அண்ணாச்சி."

"அனுமதி வாரதுக்குள்ள பிள்ளை வந்துரும் போலிருக்கே!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, வலி வாரதுக்கும் மனு போடணுமா? எத்தனை காப்பின்னு சொல்லுங்க, இப்பவே எழுதி வச்சிருதேன்."

"வேலை போயிரும், ஏளா. தெரிஞ்சுதான் பேசுதியா?"

"வேலை போனா வேற வேலை தேடலாம். அன்னைக்கு வண்டியில நான் பிடிச்சிருந்த கையி சில்லிட்டுப் போச்சே, அதை எங்க போய்த் தேட?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை உப்பளத்தில் நின்ற காரைப் பார்வையிடப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில், காகிதங்களிலிருந்து தொடங்கினேன். பதிவுப் புத்தகம், வரி ரசீது, இன்ஷூரன்ஸ், எல்லாம் ஒழுங்காக இருந்தன. மைல் மீட்டர் பதினெட்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்து வெறும் இரும்பாகிக் கிடந்தது. முதலாளியின் டிரைவரைப் பார்த்தேன்.

"ஏலே, நெசத்தைச் சொல்லு. மீட்டர் ஒரு சுத்து சுத்தி வந்துட்டுதா?"

அவன் தலையைச் சொறிந்தான். "நாலு வருசம் முந்தி எல்லா நம்பரும் முட்டையாயிட்டுது ஐயா. மொதலாளி அன்னைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தாரு."

ஆக, லட்சத்துப் பதினெட்டாயிரம் மைல். அதைக் கண்டுபிடித்த பெருமையில் நான் நிமிர்ந்து நின்றேன். எஞ்சின் தட்டாமல் ஓடியது. மேல் பூச்சு கண்ணாடியாக மின்னியது. இத்தனை மைல் ஓடியும் இப்படியா என்று வியந்துகொண்டிருந்தபோது, கருவாட்டுக்கு உப்பு ஏற்ற வந்திருந்த புன்னைக்காயல் படகுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். உப்பு எடுக்க மாதம் இரண்டு முறை வருகிறவர். அதிகாரிகளிடம் பயம் இல்லாதவர்.

"வாங்கப் போறீயளோ? கீழ பாத்தாச்சா?"

"எஞ்சினைப் பார்த்தேன்."

"எஞ்சின் எதுமேல இருக்கு? படகு வாங்கும்போது பாயையா பாப்போம்? அடிப் பலகையைல்ல பாப்போம்."

என் பதிலுக்குக் காத்திராமல் மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தார். விரலால் அங்கங்கே தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே டிரைவரிடம் கேட்டார்: "ஏலே, வண்டியைக் கழுவுறது உண்டுமா?"

டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தெனமும் ரெண்டு நேரம்! பதினோரு வருசமா ஒரு நாள் தவறினதில்ல."

"எந்தத் தண்ணியில?"

"பாத்திக் கெணத்துத் தண்ணியிலதான். குடிக்கவே நல்ல தண்ணி ஒரு குடத்துக்கு ஒம்பது பேரு நிக்கான். காருக்கா நல்ல தண்ணி ஊத்துவாக?"

பாத்திக் கிணறு என்பது உப்புப் பாத்திகளுக்கு நீர் இறைக்கும் கிணறு. அதன் நீர் கடல் நீரை விடக் கரிக்கும். அந்த நீரில் எத்தனை டிகிரி உப்பு என்று வாரந்தோறும் அளந்து, கையெழுத்திட்டுப் பதிவு செய்கிற அதிகாரி நான்தான். கார் கழுவுவதைப் பலமுறை நின்று பார்த்தும் இருக்கிறேன். நல்ல டிரைவர் என்று மனதுக்குள் பாராட்டியும் இருக்கிறேன்.

"ஐயா, இங்கன குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். படகுக்காரர் தன் மீன் கத்தியை அடிச்சட்டத்தில் வைத்து அழுத்தினார். அது கருப்பட்டிக்குள் போவது போல இறங்கியது. துரு பொலபொலவென்று அவர் மார்பில் கொட்டியது.

டிரைவர் குந்தி உட்கார்ந்து அந்தத் துருவை விரலால் தொட்டான். பதினோரு வருஷம் அவன் கழுவியது அனைத்தும் அங்கே கொட்டிக் கிடந்தது. லட்சம் மைல் அந்தக் காரைக் கொல்லவில்லை. அவனுடைய பிரியம்தான் கொன்றிருந்தது.

படகுக்காரர் வெளியே வந்து உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இது அடுத்த மழையைப் பாக்காது. மாதா மேல சத்தியமா வேண்டாம்பேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆனா ஒண்ணு. ஒங்களுக்கு எத்தனை நடை வேணும்?" என்றார்.

கத்தி இறங்கிய இடத்தை நான் மறுபடி குனிந்து பார்த்தேன்.

"ஒரே ஒரு நடை. தூத்துக்குடிக்கு."

"ஒரு நடைக்குத் தாங்கும். ரெண்டாவது நடையைக் கேட்டா நான் ஆளில்ல."

முதலாளிக்கும் விஷயம் எட்டியது. உண்மையில் வெட்கப்பட்டார். "சும்மா எடுத்துட்டுப் போங்க, ஐயா. வேலை முடிஞ்சதும் கொண்டாந்து விடுங்க," என்றார்.

மனிதர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் சும்மா வாங்கினால் அது அன்பளிப்பு. இன்னும் பெரிய குற்றம். இரவல் வாங்கினால் சலுகை பெற்றதாகும். வாடகை கொடுத்து ஏறினால், சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிய குற்றம் அவர் மேல், அதற்குத் துணை போன குற்றம் என் மேல். இரவெல்லாம் விதிப் புத்தகத்தைப் புரட்டியதில் ஒன்று தெளிவாயிற்று: ஏதோ ஒரு குற்றத்தைச் செய்தே ஆக வேண்டும், எந்தக் குற்றம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் எனக்கு உண்டு. விலைக்கு வாங்குவதற்காவது ஒரு படிவம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில், அனுமதி இல்லாமல், உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனா இரண்டு இடத்தில் மை கக்கியது.

காரை வீட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் நிறுத்தி, அதற்குரிய கூப்பனில் பெட்ரோல் நிரப்பி, தொடாமல் வைத்திருந்தோம். டிரைவரை முதலாளி என்னிடமே விட்டிருந்தார்; சம்பளம் நான் கொடுத்தேன். தினமும் காலையில் வந்து காரைச் சுற்றி நடப்பான். கழுவக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்த நேரத்தில், வலி கண்டது.

முக்காணி வரை ஒன்றுமில்லை. அதன் பிறகு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்னால் ஏதோ முறிந்தது. காரின் தரைத் தகடு ஓரமாக விட்டுவிட்டது. என் மனைவியின் கால்களுக்குக் கீழே ரோடு ஓடுவது தெரிந்தது. அவள் கால்களைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தேன். கீல் எப்போது விடும் என்று தெரியவில்லை.

"மெதுவாப் போ, ஏலே," என்றேன்.

"வெரசாப் போ," என்றாள் அவள்.

டிரைவர் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் காரிடம்தான் ஏதோ கெஞ்சினான். பழையகாயலை நெருங்கியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "தாண்டியாச்சா? தாண்டியாச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள். "தாண்டியாச்சு" என்று ஒரு மைல் முன்கூட்டியே பொய் சொன்னேன். அரசு வேலைக்கு வந்தபின் நான் அறிந்து சொன்ன முதல் பொய் அது.

ஒரு மணி பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். விளக்கு வைக்கும் முன்பே பெண் குழந்தை பிறந்தது. அழுதது. வெளியே டிரைவர் என்னைவிடச் சத்தமாக அழுதான்.

மறு வாரமே நடந்ததை மறைக்காமல் எழுதி, அனுமதியின்றி வாங்கியதற்கு விளக்கமும் சேர்த்து, உரிய வழியாகச் சென்னைக்கு அனுப்பினேன். அடுத்த சில மாதங்கள், தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் என் மனைவி குழந்தையோடு உள்ளே போய்விடுவாள். சித்திரையில், டிரைவர் காலியாக மெல்ல ஓட்டிவந்து வேப்பமரத்தடியில் நிறுத்திய இடத்திலேயே, யாரும் தொடாமல், கார் நடுவில் இற்று உட்கார்ந்துவிட்டது. பழைய இரும்புக்காரன் வண்டியில் அள்ளிப் போனான்.

கடைசியில் பதில் வந்தது. என் விளக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. முதல் விண்ணப்பத்துக்கான பதில்: மேற்படி காரை வாங்க அனுமதி அளிக்கப்படுகிறது, வாங்கும் முன் அதன் நிலையைத் தகுந்தவரைக் கொண்டு பரிசோதித்துக்கொள்ளவும். உறையைப் பிரித்து இரண்டு முறை படித்துவிட்டு, முறைப்படி அதன் மூலையில் பெற்றுக்கொண்ட தேதியை எழுதினேன்: 1944 ஜூலை 7.