அம்மாவின் உபவாசம்

நானும் மனைவியும் பிள்ளைகளோடு மலாவி நாட்டில் மிஷனரி ஊழியம் செய்கிறோம். அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள். கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்து இறந்துபோன அப்பாவுக்குப் பென்ஷன் கிடையாது. நாங்கள் அனுப்புவது மருந்துக்கே சரியாகிவிடும்.

போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால், பல நாள், "இன்னைக்கு உபவாசம்ய்யா, ஒங்க ஊழியத்துக்காக" என்பாள். அதை அங்கே பிரசங்கத்தில் பெருமையாகச் சொல்வேன்.

போன கோடையில் விடுமுறைக்கு வந்தோம். அம்மா பாதியாக இளைத்திருந்தாள். சமைக்கப் போன மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அரிசிப் பானை அடியோடு காலி. பக்கத்தில் கைப்பிடியரிசி டப்பா மட்டும் நிறைந்திருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் மிஷனரிகளுக்கென்று ஒரு பிடி அள்ளிப் போடச் சபையில் கொடுக்கிற டப்பா அது.

"இதுல எடுத்துப் பொங்கியிருக்கலாம்லாம்மா?" என்றேன்.

"ஆண்டவருக்குன்னு போட்டதத் திங்கவா சொல்லுத?"

"அப்ப உபவாசம்னு சொன்னது?"

அம்மா முந்தானையால் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பட்டினின்னு சொன்னா நீ எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்துருவல்லா?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்த அரிசியை அவளே கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொட்டினாள். வெளிநாட்டு மிஷனரி வந்திருக்கிறாரே என்று குருவானவர் அந்தக் காணிக்கைக்காக ஜெபிக்க என்னை அழைத்தார். அரிசிக்கு மேல் கையை நீட்டினேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.

நான் மனதுக்குள்ளேயே ஜெபித்து முடித்துவிட்டதாக நினைத்து, அம்மா 'ஆமென்' என்றாள்.